மாப்பிள்ளைதான் விருந்து

அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு விருந்து கிடையாது. மாப்பிள்ளைதான் விருந்து.

மாலை நேரம். குளக்கரை. வெளிச்சம் மங்குகிற சமயத்தில் புகை மாதிரி ஒரு பூச்சிக் கூட்டம் ஒரே இடத்தில் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருக்கும். பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அத்தனையும் ஆண்கள். பெண் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். வருகிறாள். ஒருவனைப் பிடிக்கிறாள். கலவி ஆரம்பிக்கிறது. கூடவே அவளுடைய ஊசி வாய் அவன் தலைக்குள் இறங்குகிறது. எச்சில் உள்ளே போய் எல்லாவற்றையும் கரைத்துக் கூழாக்குகிறது. இளநீர் குடிப்பது மாதிரி உறிஞ்சி முடித்ததும், காலிக் கூடு கீழே விழுகிறது. அதுவும் முழுசாக விழுவதில்லை. பல இனங்களில் அவனுடைய பின்நுனி, அதாவது இனப்பெருக்க உறுப்பு மட்டும் முறிந்து அவள் உடலோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

இந்தக் கடைசி விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

யார் இந்த மகராசி? கொசு அல்ல, கொசுவுக்குத் தூரத்து உறவு. நீளம் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர். நம் ஊரில் இதையெல்லாம் ‘ஏதோ பூச்சி’ என்று தட்டிவிட்டுப் போய்விடுவோம். வசதிக்காகப் பொடிக்கொசு என்று வைத்துக்கொள்வோம். மெய்கன் என்கிற ஜெர்மானியர் 1803-ல் இந்த வம்சத்துக்கு செரட்டோபோகன் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் ‘கொம்புத்தாடி’ என்று அர்த்தம். ஆண்களின் உணர்கொம்பில் தாடி மாதிரி முடி அடர்ந்திருக்கும், அதனால். இன்றைக்கு உலகம் முழுக்க இந்தக் குடும்பத்தில் பெயர் வைக்கப்பட்ட இனங்கள் 6,000-க்கும் மேல்.

ஆறாயிரமும் ஒரே ரகம் இல்லை. சில நம் ரத்தத்தையும் ஆடு மாடுகளின் ரத்தத்தையும் குடிக்கும். சில தும்பியின் சிறகில் உட்கார்ந்து அதன் சாற்றை உறிஞ்சும். சில பூந்தேன் குடிக்கும். நாம் சாப்பிடும் சாக்லெட்டுக்கே கொக்கோப் பூவில் மகரந்தம் சேர்க்கும் பொடிக்கொசுக்களுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும். இவை தவிர, நாம் பார்த்த மகராசி மாதிரி, தன் அளவுள்ள பூச்சிகளைப் பறக்கும்போதே பிடித்துத் தின்கிற வேட்டைக்காரிகள் ஏராளம்.

சரி, ஒரு மில்லிமீட்டர் வேட்டைக்காரி புதிய இனம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? யார் பெயர் வைப்பது? அங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார். பாதி கதாநாயகர், பாதி வில்லன்.

ழான் ழாக் கீஃபர். 1857-ல் பிரான்சின் லொரைன் பகுதியில் பிறந்தவர். பாதிரியார். பீட்ச் என்ற சின்ன ஊரில் இயற்கை அறிவியல் வாத்தியார். 1871-ல், பிரான்சைப் போரில் ஜெயித்த ஜெர்மனி அந்தப் பகுதியை எடுத்துக்கொண்டது. முதல் உலகப்போர் முடிந்து பிரான்ஸ் திரும்பப் பெற்றது. 1925-ல் கீஃபர் காலமானபோது அவர் மறுபடி பிரெஞ்சுக்காரர். வாழ்நாள் முழுக்கப் பூச்சிகளுக்குப் பெயர் வைத்த மனிதருடைய மண்ணுக்கே இரண்டு முறை பெயர் மாறியது.

பெயர் வைத்தார் என்றால் கொஞ்ச நஞ்சம் இல்லை. பொடி ஈக்கள், பொடிக் குளவிகள் என்று ஆயிரக்கணக்கில். உலகத்தின் எந்த மூலையில் யார் பூச்சி பிடித்தாலும், ‘இது என்ன?’ என்று கேட்டு அவருக்குப் பார்சல் போகும். கல்கத்தா இந்தியன் மியூசியத்திலிருந்தும் போனது. கீஃபர் பார்த்தார், எழுதினார், 1910-ல் அந்த மியூசியத்தின் வெளியீட்டிலேயே கட்டுரை வந்துவிட்டது. மாட்டு ரத்தம் குடிக்கிற குலிகாய்டிஸ் ஆக்ஸிஸ்டோமா என்ற பொடிக்கொசுவுக்கு அப்போது விழுந்த பெயர்தான் இன்றுவரை பெயர். வேட்டைக்காரிகளையும் அவர் விடவில்லை. பெஸ்ஸியா என்று ஒரு பெரும் பிரிவு, 1899-ல், இத்தாலியப் பூச்சியியலாளர் மாரியோ பெஸ்ஸியின் நினைவாக. ஸ்டைலோபெஸ்ஸியா என்று இன்னொன்று, 1911-ல். இரண்டும் கீஃபர் வைத்த பெயர்கள்.

அந்நாளில் அவருக்கு இருந்த மரியாதைக்கு ஒரு சாட்சி சென்னையிலேயே உண்டு. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் பணியாற்றிய டபிள்யூ.எஸ். பேட்டன் என்ற ராணுவ மருத்துவர், 1913-ல் ரத்தம் குடிக்கிற இந்தியப் பொடிக்கொசு ஒன்றைப் புதிய இனம் என்று அறிவித்தார். அதற்கு அவர் சூட்டியது கீஃபரின் பெயரை.

பிறகு ஏன் வில்லன்? அவசரம். கீஃபரின் வர்ணனைகள் பல, தபால் கார்டில் எழுதிய கடிதம் மாதிரி. நிறம் இப்படி, உணர்கொம்பின் கணு இத்தனைக்கு இத்தனை, சிறகின் நரம்பு இப்படி. முடிந்தது. படம் இருந்தால் அதிர்ஷ்டம். சந்தேகம் வந்தால் அவர் கையில் இருந்த அசல் பூச்சியையே எடுத்துப் பார்க்கலாம் அல்லவா? அதுவும் முடியாது. அவற்றில் பல இன்று இல்லை.

‘போனால் போகிறது, புதிதாகப் பெயர் வைத்துவிட்டுப் போகலாமே’ என்று தோன்றும். விதி விடாது. விலங்குகளுக்குப் பெயர் வைப்பதில் ஒரு சட்டம் உண்டு. முதலில் வைத்த பெயருக்குத்தான் முன்னுரிமை. அது அரைகுறையாக இருந்தாலும், அந்த ஆசாமி என்ன பூச்சியைப் பார்த்தார் என்று கண்டுபிடித்தே தீரவேண்டும். பி.காம். படித்தவனுக்குச் சட்டென்று புரிகிற சங்கதி இது. ஒரே பார்ட்டிக்கு இரண்டு பெயரில் இரண்டு லெட்ஜர் கணக்கு இருந்தால் என்ன ஆகும்? அல்லது இரண்டு பார்ட்டிகளின் வரவு செலவை ஒரே கணக்கில் எழுதினால்? இரண்டும் நடந்தது. அதுவும் ஆடுகள் செத்துக்கொண்டிருந்த இடத்தில்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பொடிக்கொசுவுக்கு 1913-ல் கீஃபர் வைத்த பெயர் குலிகாய்டிஸ் இமிகோலா. 1920-ல் மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவில், கார்ட்டர், இங்ராம், மக்ஃபீ என்ற மூவர் பாலிடிபென்னிஸ் என்று ஒன்றை அறிவித்தார்கள். 1944-ல் தென்னாப்பிரிக்காவின் டு டாய்ட் ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தார். ஆடுகளை வாரிக்கொண்டுபோகும் நீலநாக்கு நோயைப் பரப்புவது பொடிக்கொசுதான். விளக்குப் பொறியில் பிடித்த பொடிக்கொசுக்களை அரைத்து, ஆட்டுக்கு ஊசி மூலம் செலுத்திக் காட்டினார். குற்றவாளி என்று அவர் எழுதிய பெயர் பாலிடிபென்னிஸ். இமிகோலாவும் பாலிடிபென்னிஸும் ஒரே ஆசாமிதான் என்று முடிவாகப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

அத்தோடு முடிந்ததா? இல்லை. 1989-ல் மெய்ஸ்விங்கல் என்ற தென்னாப்பிரிக்க ஆய்வாளர் இமிகோலாவை மறுபடி ஒழுங்காக வர்ணித்தார். அப்போது இமிகோலாவை ஒட்டினாற்போலவே இன்னொரு இனம் இருப்பது தெரிந்தது. அது வளர்வது காட்டெருமை, மாடு ஆகியவற்றின் சாணத்தில். பொலிடினோஸ் என்று பெயர் வைத்தார். பிற்பாடு குதிரைகளைக் கொல்லும் ஆப்பிரிக்கக் குதிரை நோயின் வைரஸ் இதன் உடம்பிலும் பிடிபட்டது. ஒன்று ஈர மண்ணில் வளர்கிறது, இன்னொன்று சாணத்தில். இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் எதை ஒழிப்பீர்கள்?

இப்போது முறையாக எப்படிச் செய்கிறார்கள்? பூச்சியை உடல், தலை, சிறகு என்று தனித்தனியாகப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் பதிக்க வேண்டும். உணர்கொம்பின் 13 கணுக்களையும் தனித்தனியாக அளக்க வேண்டும். வேட்டைக்காரி என்றால் இரையைப் பிடிக்கிற கால்களைப் பார்க்க வேண்டும். தொடையில் முள் எத்தனை, நகம் எவ்வளவு நீளம், இரண்டு நகமும் ஒரே அளவா? எல்லாவற்றுக்கும் மேலாக ஆணின் இனப்பெருக்க உறுப்பு. பக்கத்துப் பக்கத்து இனங்களைப் பிரிக்க அதைவிட நம்பகமான அடையாளம் அநேகமாக இல்லை. பிறகு ஒரே ஒரு பூச்சியை ‘இதுதான் மூல மாதிரி’ என்று அறிவித்து மியூசியத்தில் வைக்க வேண்டும். நூறு வருஷம் கழித்து யாராவது சந்தேகம் கேட்டால், அது பதில் சொல்லும்.

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன விவரம் இங்கேதான். ஓர் இனத்தின் ஆணையும் பெண்ணையும் ஜோடி சேர்ப்பது இந்தத் தொழிலின் பெரிய தலைவலி. உருவத்தில் இரண்டுக்கும் அவ்வளவு வித்தியாசம். வேட்டைக்காரி விஷயத்தில் மட்டும் இயற்கையே கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்துவிடுகிறது. மாப்பிள்ளை போய்விட்டான். அவன் யார் என்ற அத்தாட்சி பெண்ணின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது!

இவ்வளவு பாடுபட்டு, நம்மைக் கடிக்காத ஒரு வேட்டைக்காரிக்கு எதற்குப் பெயர் என்று கேட்கலாம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் எட்வர்ட்ஸ் என்று ஒருவர் இருந்தார். மலாயா முதலிய இடங்களின் பொடிக்கொசுக்களைப் பற்றி 1922-ல் எழுதும்போது அனோஃபெலிஸ் என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவின் பெயரை ஒட்டிய பெயர். காரணம், அந்தப் பொடிக்கொசு ஏறி உட்கார்வது வயிறு நிரம்பிய கொசுவின் மேல். கொசு திருடிய ரத்தத்தை இது திருடுகிறது. அப்படி ஒரு ஜீவன் இருக்கிறது என்பதே, யாரோ உட்கார்ந்து பார்த்து எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது.

எழுதி வைத்தது எப்போது உதவும் என்று சொல்ல முடியாது. 2006 ஆகஸ்டில் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனியில் நீலநாக்கு நோய் வெடித்தது. அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் அதுவரை வராத நோய். இமிகோலா அங்கே கிடையாது. அப்படியானால் பரப்பியது யார்? தேடியபோது சிக்கியவற்றில் ஒன்று, மாட்டுச் சாணத்தில் வளரும் உள்ளூர்ப் பொடிக்கொசு ட்யூல்ஃபி. பெல்ஜியத்தின் கூட்கெபூர் அதற்கு 1936-லேயே பெயர் வைத்துவிட்டார். எழுபது வருஷம் அது பெரிதாக யார் கண்ணிலும் படாமல் இருந்தது. தேவைப்பட்ட அன்றைக்கு, பெயரும் அடையாளமும் தயாராக இருந்தன.

குளக்கரை வேட்டைக்காரிகளுக்கு இன்னும் அப்படி ஒரு நாள் வரவில்லை. அதனால் அவர்களைத் தேடிப் போகிறவர்களும் குறைவு. பெயரில்லாமல் இன்னும் எத்தனையோ பேர் இன்று மாலையும் அந்தப் புகைக்கூட்டத்துக்குள் நுழைந்து ஒருவனைப் பிடிப்பார்கள். அவர்களுக்குப் பெயர் வைக்கப்போகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்தான். தாமதமானாலும் பரவாயில்லை. அவசரப்படாதீர்கள்.