முருங்கையும் உயிரணுச் சுவரும்

ரவாங் என்றதும் வரலாறு அறிந்தோர் நினைவில் எழுவது மின்சாரம். 1894-ஆம் ஆண்டில் கே. தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் ஈயச் சுரங்க வேலைக்கு மின்விசையை இவ்வூருக்குக் கொணர்ந்தனர். ஆயினும், ரவாங் முதல் கோல சிலாங்கூர் வரை பரந்திருந்த ரப்பர்த் தோட்டங்களில், லயத்து வீடுகளின் பின்புறம் நின்ற முருங்கை மரத்திற்கும் அறிவியல் வரலாற்றில் ஓரிடம் உண்டு என்பதைப் பலர் அறியார்.

கடலோடிகளை வாட்டிய ஸ்கர்வி நோயை ஆரஞ்சும் எலுமிச்சையும் தீர்ப்பதை 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் சோதித்துக் காட்டினார். அக்கனிகளில் அடங்கிய பொருள் யாதெனத் தெளிய ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் கழிந்தன. 1928-இல் ஹங்கேரிய அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதுவே உயிர்ச்சத்து ‘சி’ என்பது 1932-இல் உறுதியாயிற்று. அச்சத்தை உயிர்வளியோடு சேர்த்து மாற்றும் நொதி ஒன்று முட்டைக்கோசு இலையில் இருப்பதையும் அவர் 1931-இல் எடுத்துரைத்தார்.

அந்நொதியைத் தேடிய ஆய்வு விரைவில் தென்னாட்டை எட்டியது. 1936-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எம். சீனிவாசன், முருங்கையிலிருந்து அதனைப் பெற்று ஆராய்ந்து, இங்கிலாந்தின் உயிர்வேதியியல் இதழில் கட்டுரை வெளியிட்டார். தமிழர் சாம்பாரில் மிதந்த காய் உலக அறிஞர்தம் மேசையை அடைந்தது!

செம்பு கலந்த அந்நொதி தாவர உயிரணுவின் சுவரில் தங்கியிருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. உயிரற்ற மதில் என்று எண்ணப்பட்ட சுவர், வேதிவினைகள் நிகழும் களமாக விளங்கிற்று. அச்சுவருக்கு உறுதி தரும் புரதம் உருவாகவும் உயிர்ச்சத்து ‘சி’ துணை நிற்கிறது. மனித உடலில் ஈறையும் தோலையும் இறுக்கிப் பிடிக்கும் புரதம் உருவாவதிலும் இதனையொத்த வினையே நிகழ்கிறது. மாலுமியின் ஈறில் குருதி கசிந்ததற்கும், செடியின் சுவர் உறுதி பெறுவதற்கும் அடிப்படை ஒன்றே என்பது வியப்பன்றோ!

உயிரணுவுக்குள் இருக்கும் சத்தும் சுவரிலுள்ள நொதியும், இலை நறுக்கப்படும்போது கலந்துவிடுகின்றன. சத்து அழியத் தொடங்குகிறது. தோட்டத்துத் தாய்மார் முருங்கைக் கீரையை நறுக்குவதில்லை. காம்பிலிருந்து உருவி, முழு இலையாகவே உலையிலிடுவர். நொதியின் பெயரை அவர்கள் அறியார். ஆயினும் அவர்தம் கைப்பழக்கம் அறிவியலுக்கு இசைந்தே இருந்தது.

இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்களோடு முருங்கைகளும் வீழ்ந்தன. மரம் மறைந்தால் கீரை மட்டுமன்று, அதனோடு பிணைந்த அறிவும் மறையும். அறிவியல் அயலார் உடைமை என மயங்கும் மாணவனுக்கு, அது தன் பாட்டி வீட்டுக் கொல்லையிலும் வளர்ந்தது எனக் காட்டுதல் ஆசிரியர் கடன். ஒரு முருங்கைக் கிளையை வெட்டிப் பள்ளி வளாகத்தில் ஊன்றினால் போதும்; அது தழைக்கும். அதனடியில் நின்று சொல்லப்படும் பாடமும் தழைக்கும்.