வந்தான், வந்தேன்

1965ஆம் ஆண்டு. காங்கேயத்தை அடுத்த கண்ணபுரம் பக்கம், ஓலப்பாளையம் என்ற சிற்றூரில் 18 இரவுகள் உடுக்கை ஒலித்தது. ராமசாமி என்ற பாடகர் அண்ணன்மார் கதையைப் பாடினார். மானிடவியல் ஆய்வுக்காக அங்கே தங்கியிருந்த பிரெண்டா பெக் அதை ஒலிநாடாவில் பதிந்தார். அன்று கோவை மாவட்டத்தில் இருந்த ஊர், 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது அதற்குள் வந்தது. பனியனால் உலகம் அறிந்த இந்த வட்டாரத்தில், விடிய விடியக் கதை கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது.

வளநாட்டை ஆண்ட பொன்னர், சங்கர், அவர்களுடைய தங்கை அருக்காணி. இந்த மூவரும்தான் கதையின் உயிர். பெற்றோர் குன்றுடையான், தாமரை. எதிரி தலையூர்க் காளி. நடுவே கொம்பன் என்ற காட்டுப்பன்றி, மந்திரம், சாபம், போர். பாட இருப்பவர்களோ முன்பாட்டுக்காரரும் பின்பாட்டுக்காரரும் மட்டும். முகத்தில் அரிதாரம் இல்லை, திரை இல்லை. இத்தனை பேரையும் ஒரே தொண்டையில் எப்படிக் கொண்டுவருவது?

தமிழ் வினைமுற்று அதற்கு வழி விடுகிறது. "சங்கர் வாளை எடுத்தான்" என்று வசனமாகச் சொல்லி வருகிற பாடகர், "எடுத்தேனே" என்று ராகத்தை இழுத்தால் போதும். கதைசொல்லி விலகிவிடுவார், சங்கர் நின்றுகொண்டிருப்பான். 'ஆன்' விகுதி 'ஏன்' ஆவதுதான் அங்கே வேடம் கட்டுவது. தங்கை அழும் இடத்தில் 'நான்' என்பது அவளுடையதாகிவிடும். பிறகு "என்று சொல்லி" என்ற இரண்டு சொல்லில் பாடகர் படர்க்கைக்குத் திரும்பிவிடுவார்.

இந்தப் போக்குவரத்து தமிழுக்குப் புதிதில்லை. அகப்பாடல்களைத் தலைவி கூற்று, தோழி கூற்று என்று பிரித்துவைத்த மரபு நம்முடையது. பாடியவர் ஆணாக இருந்தாலும் பேசுகிறவள் தலைவிதான். வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் இது இன்னொரு வடிவம் எடுக்கிறது. திரைக்குப் பின்னால் நிற்கும் துரியோதனன் தன் வருகையைத் தானே படர்க்கையில் பாடுவான்; திரை விலகிக் கட்டியங்காரன் கேள்வி கேட்கத் தொடங்கியதும் 'நான்' என்று பேசுவான். கலைஞன் பாத்திரத்துக்குள் படிப்படியாக இறங்குவதை ஊரே பார்க்கிறது.

பாத்திரத்தை 'அவன்' என்பதா 'நான்' என்பதா என்ற கேள்வி கடல் கடந்தும் எழுந்திருக்கிறது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் ஆட்டம் அது. ஒருவர் "என் வீரன் கதவைத் திறக்கிறான்" என்பார். பக்கத்தில் இருப்பவர் "கதவைத் திறக்கிறேன்" என்பார். அங்கே அது அவரவர் விருப்பம். ஆட்டம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

அண்ணன்மார் கதை வழங்கும் கொங்கு நாட்டில் 'நான்' என்ற சொல்லுக்கு எடை கூடுதல். கதைப் பாட்டுக்கு அடிக்கும் உடுக்கையைத்தான் கோயிலில் சாமி அழைக்கவும் அடிக்கிறார்கள். அருள் வந்து ஆடுகிறவர் 'நான்' என்றால் அது அவரைக் குறிக்காது. ஊரார் சாமி என்றே விளித்துக் கேட்பார்கள், பதில் வாங்குவார்கள். முடிந்ததும் "சாமி மலையேறிடுச்சு" என்பார்கள். வந்ததற்கு ஒரு சொல் இருப்பதுபோல் போனதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அன்னியக் குரலில் பேசியவரைக் கைவிடாமல் தன் ஆளாகத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஊரின் அக்கறை அந்தச் சொல்லில் இருக்கிறது.

பெக்கின் ஆய்வு 1982இல் ஆங்கில நூலாக வந்தது. 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக இரண்டு பாகங்களில் வெளியிட்டது. சக்திக்கனல் பதிப்பித்த அண்ணன்மார் சுவாமி கதை, கருணாநிதியின் 'பொன்னர் சங்கர்' நாவல், அதையொட்டி 2011இல் வந்த திரைப்படம் என்று கதை பல கைகளுக்குப் போனது. அச்சில் ஏறிய கதைக்கு உடுக்கைக்காரரின் அந்தத் திடீர்த் தாவல் கிடைக்கவில்லை. திரையிலும் அண்ணனாக இருந்தவர் அடுத்த மூச்சில் தங்கையாவதைப் பார்க்க முடியாது.

அந்தத் தாவலின் உச்சம் படுகளம். பொன்னரும் சங்கரும் உயிர் துறந்த களம் அது. மணப்பாறை அருகே வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போதும், கொங்கு நாட்டு அண்ணன்மார் கோயில்கள் பலவற்றிலும் அது நிகழ்த்தப்படுகிறது. கதை சாவை நெருங்க, உடுக்கை வேகமெடுக்க, அருள் வந்த ஆண்கள் மாண்ட வீரர்களாகத் தரையில் சாய்கிறார்கள். மற்ற நாட்களில் உழவராக, தறி ஓட்டுபவராக, பனியன் கம்பெனித் தொழிலாளியாக இருப்பவர்கள் அவர்கள். "மாண்டான்" என்று பாடகர் சொல்லிவந்ததை இப்போது உடம்பால் தன்மையில் சொல்கிறார்கள். பாட்டு அங்கே நின்றுவிடுவதில்லை. பெரியகாண்டி அம்மன் அருளால் அருக்காணி அண்ணன்மாரை எழுப்பும் பகுதிக்குப் போகிறது. சாய்ந்து கிடப்பவர்கள் மேல் தீர்த்தம் தெளிக்கிறார்கள். ஒவ்வொருவராகக் கண் திறக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரர்கள் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார்கள்.