புது லாரியும் பழைய லாரியும்: சிவகிரிச் சாலையிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் உமணர்களின் உப்பு வண்டியைக் காட்டுகிறார். எருதுகளோ நுகம் பழகாத இளையவை, சுமையோ மிகுதி, வழியோ மேடும் பள்ளமும். என்ன நேருமோ என்று எண்ணிய உமணர்கள் வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டிவைத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுவதே பாடலின் நோக்கம். ஆயினும் வகுப்பறையில் அப்பாடலை நடத்தும்போதெல்லாம் நமக்கு உவமையைவிட அந்த வியாபாரியின் கவலையே முன்னால் வந்து நிற்கிறது. புதிய எருது வலிமையுடையது, ஆனால் பழகாதது. பழைய எருது வழி அறிந்தது. ஆனால் எத்தனை நாள் இழுக்கும் என்று சொல்வதற்கில்லை. எருது போய் எஞ்சின் வந்த பிறகும் இந்தக் கணக்கு தீரவில்லை. தமிழ்நாட்டு லாரித் தொழிலின் வரலாற்றைப் புதிய வண்டிக்கும் பழைய வண்டிக்கும் இடையில் நடந்த இழுபறியாகவே வாசிக்க முடியும் என்பது நம் எண்ணம்.

இதற்குச் சிவகிரி ஒரு நல்ல இடம். மதுரையிலிருந்து குற்றாலம் செல்வோர் ராஜபாளையம் கடந்து சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று மலையை வலக்கையில் வைத்துக்கொண்டே தென்காசியை அடைவார்கள். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே மலையைக் குடைந்து 1904இல் ரயில் வந்துவிட்டது. விருதுநகர் – தென்காசிப் பாதை 1927இல் வந்தது. ஆனால் அந்தப் பாதை ராஜபாளையத்தைத் தாண்டியதும் கிழக்கே விலகிச் சங்கரன்கோவில் வழியாகப் போய், கடையநல்லூரில்தான் மலையோரச் சாலையை மறுபடியும் நெருங்குகிறது. சிவகிரியும் வாசுதேவநல்லூரும் புளியங்குடியும் ரயில் தொடாத ஊர்களாக நின்றுவிட்டன. நெல், கரும்பு, தேங்காய், எலுமிச்சை என எது விளைந்தாலும் அது சாலை வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஜமீன் காலத்தில் மாட்டுவண்டி செய்த வேலையை லாரி ஏற்றுக்கொண்டது. ரயில் நிலையம் உள்ள ஊரில் லாரி ஒரு வசதி. இவ்வூர்களில் அதற்கு மாற்று இல்லை.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு லாரி என்றாலே வெளிநாட்டுப் பொருள்தான். 1928 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் செவ்ரலே வண்டிகளைப் பூட்டி விற்றது. பின்னர் ஃபோர்டும் வந்தது. போர் தொடங்கியதும் புது வண்டிகள் ராணுவத்துக்கே போயின. 1941இல் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் பின்னால் கரி அடுப்புப் போன்ற ஓர் உருளை பொருத்தப்பட்டது. கரியை எரித்து வரும் வாயுவில் எஞ்சினை ஓட்டும் ஏற்பாடு அது. மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் அத்தகைய கரிவாயுக் கருவிகளைச் செய்து தந்தது. வண்டி மெதுவாக ஏறும், கரி அள்ளிப்போட ஓர் ஆள் வேண்டும், எஞ்சின் விரைவில் கெடும். ஆயினும் பழைய வண்டியைக் கைவிட யாராலும் முடியவில்லை, ஏனெனில் புதியது எந்த விலைக்கும் கிடையாது. ஒரு வண்டியைச் சாகவிடாமல் வைத்திருக்கும் பட்டறைக் கலையை நம் ஊர்களுக்கு இந்த ஐந்தாறு ஆண்டுகளே ஆழமாகக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

போர் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. ராணுவம் வேண்டாமென்று ஒதுக்கிய வண்டிகளை அரசு ஏலம் விட்டது. இரும்பு மூக்கு தட்டையாக இருந்த கனடா நாட்டு ஃபோர்டு, செவ்ரலே ராணுவ லாரிகள் சந்தைக்கு வந்தன. அவற்றை ‘மிலிட்டரி லாரி’ என்றும் ‘டிஸ்போசல் வண்டி’ என்றும் மக்கள் அழைத்தார்கள். நம் நாட்டில் பழைய லாரிக்கென்று ஒரு பெருஞ்சந்தை முதன்முதலில் உருவானது இப்படித்தான் என்று கருத இடமிருக்கிறது. வாங்கியவர்களில் பலர் வண்டித் தொழிலுக்கே புதியவர்கள். புது வண்டிக்கான முதல் அவர்களிடம் ஒருநாளும் சேர்ந்திருக்காது. போர்க்களத்துப் பழைய இரும்பே அவர்களை உரிமையாளர்கள் ஆக்கியது.

அடுத்து வந்த உள்நாட்டு உற்பத்திக் காலம் விரிவாகப் பலமுறை எழுதப்பட்டதுதான். சென்னை எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1954இல் டாடா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்தது. உதிரிகளை இங்கேயே செய்யத் திட்டமில்லாத நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்ற 1953ஆம் ஆண்டுக் கொள்கையால் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. நமக்கு முக்கியமானது இதன் விளைவு. தயாரிப்பவர் சிலர், கேட்பவர் பலர். பதிவு செய்துவிட்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்று பணம் இருந்தும் புதிய வண்டி கிடைக்காது, நாளை வரும் வண்டிக்கு இன்றைய லோடு நிற்காது. உடனே சாலையில் இறக்கக்கூடிய பழைய வண்டிக்கு இயல்பாகவே கிராக்கி ஏறியது.

பெர்மிட் இன்னொரு முடிச்சு. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சரக்கு வண்டிக்கு அனுமதி பெறுவது எளிதன்று. ரயில்வேயின் வருமானத்தைக் காப்பதும் அக்காலக் கொள்கையின் ஒரு நோக்கம். எனவே பெர்மிட்டோடு கைமாறும் லாரிக்குக் கொடுத்த விலையில் இரும்புக்கு எவ்வளவு, காகிதத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். மசானி தலைமையிலான குழு 1959இல் கட்டுப்பாடுகளைத் தளர்த்தச் சொன்னது. 1975இல் நேஷனல் பெர்மிட் வந்தது. 1988இன் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகே காகிதத்தின் விலை இறங்கியது எனலாம்.

எனினும் புதியதா பழையதா என்பதை இறுதியில் தீர்மானித்தவை தொழிற்சாலையும் சட்டமும் அல்ல, கடன்தான். சுந்தரம் ஃபைனான்ஸ் 1954இல் சென்னையில் 2 லட்ச ரூபாய் மூலதனத்துடன் தொடங்கியது, டி.வி.எஸ். குடும்பத்தின் டி.எஸ். சந்தானம் அதன் நிறுவனர். புது சேஸிஸ் வாங்குவோருக்குத் தவணைக் கடன் என்ற முறை தென்னாட்டில் வேரூன்றியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. 1969இல் வங்கிகள் நாட்டுடைமையான பிறகு சிறு போக்குவரத்துத் தொழிலரும் வங்கிக் கடனுக்கு உரியவர் ஆனார்கள். ஆனால் நேற்றுவரை ஸ்டியரிங் பிடித்த ஓட்டுநர், சொந்த வீடோ வரிக்கணக்கோ இல்லாதவர், பத்து வருட லாரிக்குக் கடன் கேட்டால் வங்கி என்ன செய்யும்? அவர் வட்டிக்காரரிடம்தான் போனார்.

இந்த இடைவெளியைப் பார்த்தவர் ஆர். தியாகராஜன். 1974இல் சீட்டு நிறுவனமாகத் தொடங்கிய ஸ்ரீராம் குழுமம் 1979இல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸைத் தொடங்கி, பழைய லாரிக்கு, அதுவும் ஓட்டுநருக்குக் கடன் கொடுத்தது. ஏழைக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது என்பது அறிவல்ல, பழக்கம் என்று அந்நிறுவனம் நடைமுறையில் காட்டியது. உதவி மனப்பான்மையில் நடந்த செயல் என்று இதைச் சொல்வதைவிட, நல்ல வியாபாரம் என்று சொல்வதே பொருத்தம். வட்டி வங்கியைவிடக் கூடுதல். கந்துவட்டியைவிட மிகக் குறைவு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் கிளீனர் ஓட்டுநராகி, ஓட்டுநர் பழைய வண்டியின் உரிமையாளராகி, பின் புது வண்டி எடுக்கும் ஏணி ஏற்கெனவே இருந்தது. அந்த ஏணியின் நடுப்படி எப்போதும் பழைய லாரிதான்.

இனி இன்றைய கணக்கு. எண்கள் நாம் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்பவை. பாடி கட்டி முடித்த புது லாரி 40 லட்சம் என்றும், எட்டு வருடம் ஓடிய அதே வகை லாரி 15 லட்சம் என்றும் கொள்வோம். புதியதற்குப் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 36 லட்சம், 10 சத வட்டியில் ஐந்து வருடத்துக்குக் கடன் கிடைக்கிறது. பழையதற்கு 70 சதம்தான் தருவார்கள்: 10.5 லட்சம், 15 சத வட்டி, மூன்று வருடம். முதலில் கையிலிருந்து போடும் பணத்தைப் பாருங்கள். புதியதற்கு 4 லட்சம், பழையதற்கு 4.5 லட்சம். ‘காசில்லாதவன் பழையது வாங்குவான்’ என்ற பொது நம்பிக்கை இங்கே உடைகிறது. இரண்டுக்கும் தொடங்கும் பணம் ஏறக்குறைய ஒன்றே.

மாதத் தவணையில்தான் வேறுபாடு. புதியதற்கு டியூ சுமார் 76,500 ரூபாய். பழையதற்கு சுமார் 36,400. இடையில் உள்ள 40,000 ரூபாயில்தான் பழைய வண்டிக்காரர் உயிர்வாழ வேண்டும். மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்போம். புதியது லிட்டருக்கு 4 கிலோமீட்டரும் பழையது 3.5 கிலோமீட்டரும் கொடுத்தால், பழையது 214 லிட்டர் டீசல் அதிகம் குடிக்கும். லிட்டர் 92 ரூபாய் வீதம் அது ஏறத்தாழ 19,700 ரூபாய். பாதி போயிற்று. மிஞ்சிய 20,000 ரூபாயில் டயர், கிளட்ச், பட்டறைக் கூலி, எஃப்.சி. காட்டும் செலவு. ஒரு மாதம் எஞ்சினைப் பிரித்துவிட்டால் இந்தப் பணம் ஒரு மூலைக்கும் காணாது. ஆனால் அதே வண்டி மாதம் 2,500 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால் டீசல் வேறுபாடு 8,200 ரூபாய்க்குச் சுருங்கிவிடுகிறது. அப்போது புது வண்டிக்காரருக்குத்தான் மூச்சு முட்டும், ஏனெனில் வண்டி நின்றாலும் ஓடினாலும் 76,500 கட்டியாக வேண்டும். மூன்று தவணை தவறினால் வண்டியை சீஸ் செய்ய ஆள் வந்துவிடும்.

ஆகவே விலை உயர்ந்திருக்கிறதா என்பதைவிட, லோடு எத்தனை நாள் உறுதி என்பதே முதற்கேள்வி. சிமெண்ட் ஆலைக்கோ நூற்பாலைக்கோ ஒப்பந்தத்தில் ஓடுபவர், விலை எவ்வளவு ஏறினாலும் புதியதுதான் எடுக்க வேண்டும் என்பது நம் கருத்து. எலுமிச்சையும் நெல்லும் கரும்பும் பருவத்தை நம்பியவை. சிவகிரியைச் சுற்றிச் சில மாதம் ஓய்வின்றி ஓடி, சில மாதம் மரத்தடியில் நிற்கும் வண்டிக்குப் பழையதே போதும். புளியங்குடி எலுமிச்சை கேரளத்துக்குப் போக வேண்டுமானால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் நேஷனல் பெர்மிட்டுக்குச் சாதாரண லாரிக்கு 12 வருடமும் பல அச்சு லாரிக்கு 15 வருடமும் வரம்பு வைத்தன. பத்து வருட வண்டியை மலிவாக வாங்குபவர், தம் டியூ முடியும் முன்பே புளியரைச் சோதனைச் சாவடிக்கு அப்பால் அதைக் கொண்டுபோகும் உரிமையை இழக்கக்கூடும். தரகர் வண்டியின் பெயின்டைக் காட்டுவார், ஆர்.சி. புத்தகத்தில் பதிவு ஆண்டை நாம்தான் பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளரின் கடன் அடைந்ததற்கான என்.ஓ.சி. கைக்கு வராமல் பணத்தை எண்ணக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த இருமுனைப் போட்டிக்குள் 2005இல் மூன்றாவதாக ஒன்று நுழைந்தது: டாடா ஏஸ். தமிழர் அதற்கு வைத்த பெயர் ‘குட்டி யானை’. 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. பெரிய பழைய லாரியின் விலையில் சிறிய புதிய வண்டி என்பது, தோட்டத்திலிருந்து மண்டிக்குப் பத்து மூட்டை எலுமிச்சை கொண்டுபோகும் மனிதருக்கு முற்றிலும் புதிய கணக்கு. இவ்வட்டாரத்தில் பழைய பெரிய லாரிகள் குறைந்ததற்கு நாம் இதையும் ஒரு காரணமாகக் கருதுகிறோம்.

பிறகு 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி வந்தது. புகையைச் சுத்திகரிக்கும் கருவிகளும் மின்னணுவும் சேர்ந்து புது வண்டியின் விலையை ஏற்றின. அவ்வண்டிக்கு டீசலோடு யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். கோளாறு வந்தால் சாலையோரப் பட்டறை மேஸ்திரியின் ஸ்பேனர் போதாது, கணினி வேண்டும். பலரும் பி.எஸ். 4, பி.எஸ். 3 வண்டிகளைத் தேடி அலைந்ததற்கு விலை மட்டுமன்று, இந்தப் பட்டறை நம்பிக்கையும் காரணம். போர்க்காலத்தில் கற்ற கலை இங்கே கைகொடுத்தது. மறுபுறம் 2022 ஏப்ரல் முதல் 15 வருடம் கடந்த கனரக வண்டிகளின் எஃப்.சி. கட்டணம் பல மடங்கு உயர்த்தப்பட்டது. பழையதை வைத்திருப்பதும் மலிவாக இல்லாமல் போயிற்று.

2025 செப்டம்பர் 22 அன்று சரக்கு வண்டிகளின் ஜி.எஸ்.டி. 28 சதத்திலிருந்து 18 சதமாகக் குறைந்தது. வரியோடு 40 லட்சமாக இருந்த ஒரு புது வண்டியில் இது 3 லட்சத்துக்கு மேல். புதியதன் விலை இறங்கினால் பழையதன் விலையும் கூடவே இறங்கும். சந்தை அப்படித்தான் பிணைந்திருக்கிறது. புதிது வாங்கக் காத்திருந்தவருக்கு அது நல்ல செய்தி. அதற்கு முந்தின ஆடி மாதத்தில் நகையை வைத்துப் பழைய லாரி எடுத்தவருக்கோ, ஒப்பந்தத்தில் எழுதிய கடன் தொகை அப்படியே இருக்க, வண்டியின் மதிப்பு மட்டும் கீழே இறங்கிற்று. அவர் மூன்று வருடம் ஓட்டி முடிக்கும்போது விற்றால் என்ன கிடைக்கும் என்பதை அப்போதைய புது வண்டியின் விலை தீர்மானிக்கும்.