வீட்டுக் கல்யாணமும் ஊர்க் கைகளும்



ஆவணி பிறந்ததும் பத்திரிகைகள் குவிய ஆரம்பித்துவிட்டன. இரண்டு மூன்று பேர் போனிலேயே கேட்டுவிட்டார்கள்: "சார், மண்டபச் செலவு கட்டுப்படியாகல. ரிசப்ஷனை மட்டுமாவது அந்தக் காலம் மாதிரி வீட்டிலேயே, நம்ம கையாலேயே செஞ்சுடலாமான்னு பார்க்கறோம். நீங்க என்ன சொல்றீங்க?" நல்ல கேள்வி. ஆனால் "அந்தக் காலம்" என்று சொல்லும்போது அது எப்படி இருந்தது என்று தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். புதுச்சத்திரம். சத்திரம் என்றால் வழிப்போக்கர் தங்கிச் சாப்பிட்டுப் போகும் இடம். சேலம் - நாமக்கல் சாலையில் இருக்கும் ஊருக்குப் பொருத்தமான பெயர். பின்னாளில் அதே சொல்லோடு "கல்யாண" என்று சேர்த்துக் கல்யாணச் சத்திரம் ஆக்கினோம். முன்பின் தெரியாதவருக்குச் சோறு போட்ட இடத்தின் பெயர், அழைப்பிதழ் கொடுத்தவருக்கு மட்டும் சோறு போடும் இடத்துக்கு வந்துவிட்டது.

நான் சிறுவனாக இருந்த அறுபதுகளில் எங்கள் பக்கம் மண்டபம் கிடையாது. கல்யாணம் என்றால் வீட்டு வாசல்தான். பால் வடியும் மரத்தின் கிளையை வெட்டி வந்து முகூர்த்தக்கால் நடுவார்கள். தென்னங்கீற்றுப் பந்தல், இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை. மேட்டாங்காட்டு ஊர் என்பதால் அன்றாடம் கம்பும் ராகியும் சோளமும்தான். நெல்லுச்சோறு நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும். பருப்பும் ராசிபுரம் நெய்யும் ஊற்றிச் சாப்பிட்ட அந்தச் சோற்றின் வாசனையை என் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள். கச்சாயமும் ஒப்புட்டும் பத்து நாள் முன்பிருந்தே பங்காளி வீட்டுப் பெண்கள் கூடிச் சுடுவார்கள். அண்டா, போசி, கரண்டி எல்லாம் பல வீட்டிலிருந்து வரும். மாறிப் போகாமல் இருக்கத்தான் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது.

ஒரு செய்தி சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். ஜவ்வரிசிப் பாயசத்தைப் பாட்டன் காலத்துப் பழக்கம் என்று நினைக்கிறோம். ஜவ்வரிசி முன்பு மலாயா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வந்த பண்டம். இரண்டாம் உலகப் போரில் அது நின்றுபோனது. 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகே அது நம் மண்ணின் சரக்கானது. ஆகவே சம்பிரதாயம் என்று நாம் சொல்வதில் பல, நம் அம்மாக்களின் வயதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "எல்லாம் வீட்டிலேயே செய்தார்கள்" என்கிறோமே, செய்தது யார்?

கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் சீர்களை முன்னின்று நடத்துபவர் அருமைக்காரர். மங்கல வாழ்த்து சொல்பவர் முடிதிருத்தும் குடிமகன். கம்பர் இயற்றியது என்று சொல்லப்படும் அந்த நீண்ட வாழ்த்தை அவர் ஏடு பார்க்காமல் சொல்லுவார். மணமக்கள் நடக்க மாத்துத் துணி விரிப்பவர் துணி வெளுப்பவர். பானைகளைக் கொண்டுவருபவர் குயவர். பறை அடிப்பவர்கள், விறகு பிளப்பவர்கள், எச்சில் இலை எடுப்பவர்கள் தனி. இவர்களுக்குக் கூலி என்று கையில் காசு கிடையாது. அறுவடையின்போது களத்தில் அளக்கும் தானியமும், கல்யாணத்தன்று கிடைக்கும் சோறும் துணியும்தான். மங்கல வாழ்த்தை வாயாரச் சொன்னவர் பந்தியில் உட்கார முடியாது. எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் வாசலுக்கு வெளியே ஏனத்தில் வாங்கிப் போக வேண்டும்.

வீட்டுப் பெண்களின் கதையும் அப்படித்தான். மூன்று நாள் கல்யாணத்தில் மூன்று நாளும் அடுப்படி. கடைசிப் பந்தியில் ரசம் மிஞ்சினால் ரசம், மோர் மிஞ்சினால் மோர்.

ஆகவே வீட்டுக் கல்யாணத்தை வீடு செய்யவில்லை, ஊர் செய்தது. அதிலும் பல கைகளுக்கு "முடியாது" என்று சொல்லும் உரிமை இல்லை. எண்பதுகளில் மண்டபமும் சமையல் காண்ட்ராக்டரும் வந்தபோது பெரியவர்கள் "எல்லாம் காசாகிப் போச்சு" என்று வருத்தப்பட்டார்கள். காசுக்கு வேலை செய்தவர் காசை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மண்டபத்தில் யார் எந்த இலையில் உட்கார்ந்தார் என்று கேட்க ஆளில்லை. அந்த வகையில் மண்டபம் நமக்கு நல்லதும் செய்திருக்கிறது.

அப்படியானால் வீட்டில் நடத்துவதில் பொருளே இல்லையா? இருக்கிறது. அதற்கு இரண்டு தகப்பன்மாரைச் சொல்கிறேன்.

ஒருவர் நம் சேலத்தில் வக்கீலாக இருந்து, சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி. 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, சாதி பார்க்காமல் எல்லாரும் ஒன்றாக உண்டு வாழ வழி செய்தவர். அவர் மகள் லட்சுமியும் காந்தியின் கடைசி மகன் தேவதாஸும் விரும்பினார்கள். இருவரும் வேறு வேறு சாதி. பெற்றவர்கள் சில ஆண்டுகள் காத்திருக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் காத்திருந்தார்கள். 1933 ஜூன் 16-ல் பூனாவில் ஒரு வீட்டில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது. காந்தி 21 நாள் உண்ணாவிரதம் முடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. நாடே வந்திருக்கும் கல்யாணம், ஒரு வீட்டுக்குள் முடிந்தது.

இன்னொருவர் நேரு. 1942 மார்ச் 26-ல் அலகாபாத் ஆனந்த பவனத்தில் மகள் இந்திராவுக்குக் கல்யாணம். மணப்பெண் கட்டியிருந்தது இளஞ்சிவப்புக் கதர்ச்சேலை. அது நேரு சிறையில் உட்கார்ந்து தன் கையால் நூற்ற நூலில் நெய்தது. அவர் நினைத்திருந்தால் எந்தப் பட்டும் வாங்கியிருக்கலாம். மகளோடு இருக்க முடியாத நாட்களை நூலாக்கிக் கொடுத்தார். கைவேலை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. பிறர் கையை வாங்கிச் செய்வது வேறு, தன் கையைக் கொடுத்துச் செய்வது வேறு.

எங்கள் வீட்டிலும் அதைச் செய்து பார்த்தோம். 2020-ல் கொரோனா கட்டுப்பாட்டால் கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று அரசு சொல்லியிருந்தது. மகள் வரவேற்பை வாசலிலேயே வைத்தோம். பத்திரிகை அச்சடிக்காமல் கரும்பலகையில் எழுதிப் பழகிய கையால் நானே எழுதினேன். சமையலுக்குக் கூலி பேசி இருவரை வைத்தோம். முறுக்கும் கச்சாயமும் மட்டும் வீட்டில். முறுக்கு பிழிந்தது நானும் மகனும். என் மனைவி முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார்.

அந்தப் பந்தியில் என் மாணவர் ஒருவரும் இருந்தார். இப்போது அவரும் ஆசிரியர். அவர் தகப்பனார் எங்கள் தெருவுக்குத் துணி வெளுத்தவர். சாப்பிட்டுக் கை கழுவும்போது மெதுவாகச் சொன்னார்: "சார், எங்கப்பா இந்தத் தெருவுல எத்தனையோ கல்யாணத்துக்கு மாத்து விரிச்சாரு. ஒரு வாசல்லயும் இலை போட்டு உட்கார்ந்தது இல்ல." குறையாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார். நான் பதில் பேசவில்லை. வகுப்பில் சொல்லிக்கொடுக்காத வரலாற்றுப் பாடம் அது.

கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். வீட்டில் தாராளமாக நடத்துங்கள். பத்து இனிப்பு வேண்டாம், ஒன்றை நீங்களே செய்யுங்கள். வேலைக்கு வருபவருக்கு உரிய கூலியைப் பந்திக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். வீட்டுப் பெண்களை முதல் பந்தியில் உட்கார வைத்து ஆண்கள் பரிமாறுங்கள். பந்தல் போட்டவரும் இலை எடுப்பவரும் அதே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடட்டும். ஆகஸ்ட் 15-ல் கோயிலில் சமபந்தி நடப்பதைப் பார்க்கிறோம். வருஷத்தில் ஒரு நாள் கோயிலில் நடப்பது நம் வாசலிலும் நடக்கலாமே.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய மொய் நோட்டு இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். யார் ஒரு ரூபாய் வைத்தார், யார் இரண்டு படி அரிசி கொடுத்தார் என்று அதில் இருக்கும். யார் பெயர் அதில் இல்லை என்பதையும் பாருங்கள். மங்கல வாழ்த்து சொன்னவர், மாத்து விரித்தவர், பறை அடித்தவர். அவர்கள் பெயர் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இன்றே கேட்டு, அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். எனக்கும் அனுப்புங்கள்.