எலியும் தெள்ளும்: வைத்தியர் சிமோன் கண்ட உண்மை

தேங்காய்த்திட்டு ஆற்றுமுகத்தில் அமைந்த ஊராதலின், துறைமுகத்திற் சரக்கோடு நோயும் கரையேறக்கூடும் என்பதை நம் சங்கத்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1894-இல் ஹாங்காங்கைப் பீடித்த பிளேக் என்னும் கொள்ளைநோய், 1896-இல் பம்பாயிற் புகுந்து, பின்னர் இந்தியாவெங்கும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. அக்காலத்து உழைத்த பிரெஞ்சு வைத்தியர் பால் லூயி சிமோன் என்பாரின் வரலாற்றை ஈண்டு நினைவுகூர விரும்புகின்றோம்.

நோய்க்கிருமியை 1894-இலேயே யெர்சின் கண்டறிந்தார். ஆயினும் அது மனிதரை அடையும் வழி புலப்படவில்லை. மண்ணிலும் துணியிலும் நஞ்சு தங்கியுளதென எண்ணிய அதிகாரிகள், வீடு புகுந்து சோதித்தனர், உடைமைகளை எரித்தனர், நோயாளரை உற்றாரினின்று பிரித்தனர். மக்கள் மனம் கொதித்தது. 1897 ஜூன் 22-இல் பூனாவில் பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டார். இத்தனை கெடுபிடிக்கும் நோய் அடங்கிற்றில்லை. தரையைக் கழுவினர், எலியோ அடுத்த வீட்டிற்கு ஓடிற்று!

பாஸ்டர் நிலையத்தாரால் 1897-இல் பம்பாய்க்கு அனுப்பப்பெற்ற சிமோன், ஏட்டை மட்டும் நம்பாது மக்களையும் உற்று நோக்கினார். எலிகள் செத்து விழக் கண்டதும் ஊரை விட்டு நீங்கும் வழக்கம் இந்நாட்டுச் சிற்றூர்களில் இருந்தது. பிறர் மூடவழக்கமென்று கருதியதில் அவர் பொருள் கண்டார். ஒரு கம்பளி ஆலையில் இறந்துகிடந்த எலிகளை அப்புறப்படுத்திய 20 தொழிலாளருள் 10 பேர் மூன்று நாளில் நோயுற்றனர். ஏனையோர்க்கு ஒன்றும் நேரவில்லை. நோயாளர் சிலரின் தோலிற் பூச்சிக் கடிபோன்ற சிறு கொப்புளமும் இருந்தது. எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே தூதுவனோ என ஐயுற்றார்.

1898 ஜூன் 2-இல் கராச்சியில், நோயுற்ற எலியொன்றைத் தெள்ளுகளோடு கண்ணாடிக் கலத்தில் இட்டார். அது மடியுந் தறுவாயில், நலமுள்ள எலியொன்றைக் கம்பிக் கூட்டில் வைத்து, நோயுற்றதைத் தீண்டாவண்ணம் அக்கலத்துள் தொங்கவிட்டார். சில நாளில் அதுவும் பிளேக்கால் இறந்தது. தெள்ளு ஒன்றே இடைப்பாலமாயிற்று.

இவ்வுண்மையை அவ்வாண்டே வெளியிட்டும், அறிஞருலகம் நகைத்து ஒதுக்கியது. 1905-க்குப் பின் இந்தியாவில் நடந்த விரிந்த ஆராய்ச்சிகளே அவர் கூற்றை நிலைநாட்டின. இடையிற் கழிந்த ஆண்டுகளில் மாண்டவர் எத்துணையர்! 1947-இல் மறைந்த சிமோன், தம் சொல் வென்றதைக் கண்டே மறைந்தார் என்பது ஓர் ஆறுதல்.

அன்பர்களே, கல்லாதார் அனுபவத்தையும் மதித்துக் கேட்டு, பின்னர் அதனைச் சோதித்துத் தெளிதலே மெய்யறிவு. 1994-இல் சூரத்து நகரம் பிளேக்கால் நடுங்கியதை நாம் அறிவோம். இன்று தக்க மருந்துகள் உள. எனினும் காலத்தில் அளித்தாலன்றிப் பயனில்லை. ஆதலின் தானியக் களஞ்சியங்களைத் தூய்மையாகக் காப்போம். காரணமின்றி எலிகள் பல மடியக் கண்டால், கையால் தீண்டாது சுகாதாரத் துறையார்க்கு அறிவிப்போம். வைத்தியம் பயிலும் நம் இளைஞர், நோயாளியின் நாடியோடு அவர் சொல்லையும் கருத்தூன்றிக் கேட்பாராக.