பாவ்லோவின் நாய்களும் நம்ம ஊர் பத்தியமும்

கனகம்மாசத்திரம், திருத்தணி பக்கம் கல்லீரல் சுருங்கிப்போனவங்க (சிரோசிஸ்) வீட்டுச் சாப்பாடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். மோர் சோறு. முட்டை கிடையாது, பருப்பு கிடையாது, எண்ணெய் வாசமே ஆகாது. "அவருக்கே பசி இல்ல சார்"னு வீட்டுல சொல்வாங்க. இந்தப் பத்தியத்துல பாதி நம்ம பாட்டிங்களோடது. மீதியைக் கொடுத்தது எங்க ஆளுங்கதான், டாக்டர்கள். அந்தக் கதைதான் இந்த த்ரெட்.

1877, செயின்ட் பீட்டர்ஸ்பர்க். எக் என்ற ராணுவ டாக்டர், குடல்ல இருந்து கல்லீரலுக்குப் போற ரத்தத்தை அங்க விடாம நேரா பெரிய சிரைக்குத் திருப்பிவிட்டார். 8 நாய்கள். 7 சீக்கிரமே செத்துடுச்சு. எட்டாவது இரண்டரை மாசம் இருந்து, ஒருநாள் தப்பிச்சு ஓடிடுச்சு!

1893ல் பாவ்லோவ் குழு அதே ஆபரேஷனைச் செஞ்சாங்க (ஆமா, எச்சில் ஊறுற நாய் சோதனை பாவ்லோவேதான்). கறி தின்ன நாய்கள் தள்ளாடின, வெறி பிடிச்ச மாதிரி ஆச்சு, வலிப்பு வந்து மயங்கின. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு: சில நாய்கள் அப்புறம் கறியையே தொடல.

கல்லீரல் வடிகட்டாத அம்மோனியா மூளைக்குப் போறதுதான் முக்கியக் காரணம். அதனால 'புரதத்தைக் குறை'ன்னு பல பத்தாண்டுகள் நோயாளிகளுக்கு எழுதிக் கொடுத்தோம். நல்லா சாப்பிட்ட சிரோசிஸ் நோயாளிகள் தேறுறதை நியூயார்க்ல படேக் 1941லேயே காட்டியிருந்தார். யாரும் பெருசா கேக்கல.

2004ல் பார்சிலோனாவுல, குழப்ப நிலையில வந்த 30 பேருக்குச் சோதனை செஞ்சாங்க. புரதத்தைக் குறைச்சதால ஒரு லாபமும் இல்ல, உடம்புப் புரதம்தான் கூடுதலா கரைஞ்சது. கல்லீரல் முடியாதப்போ அம்மோனியாவை உறிஞ்சறது தசை. அந்தத் தசையையே நாம பட்டினி போட்டுட்டு இருந்தோம்.

சரி, பசி ஏன் போகுது? 'போதும்'னு மூளைக்குச் சொல்ற லெப்டின் 1994லயும், வயித்துல சுரந்து 'பசிக்குது'ன்னு சொல்ற கிரெலின் 1999லயும்தான் தெரியவந்துச்சு. சிரோசிஸ்ல லெப்டின், உடம்புக் கொழுப்புக்குப் பொருந்தாத அளவு கூடியிருக்கறதா சில ஆய்வுகள் சொல்லுது. கிரெலின் விஷயத்துல ஆய்வுகள் ஒத்துப்போகல. அதோட உள் அழற்சி, துத்தநாகக் குறைவால சுவை மரத்துப்போறது, வயித்துல தேங்கின நீர் இரைப்பையை அழுத்தறது. நாலு வாய்லயே வயிறு நிறைஞ்சிடும். 'சாப்பிட அடம் பிடிக்கிறார்'னு திட்டாதீங்க, அது நோய்.

பாட்டி சொன்னதுல ஒண்ணு சரி: வயித்துல நீர் இருந்தா உப்பைக் குறைக்கணும். முட்டை, பருப்பு, மோர் நிறுத்த வேண்டாம். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 72–90 கிராம் புரதம் வேணும். ஒரு முட்டைல சுமார் 6 கிராம்தான்.

இன்னொண்ணு. சுருங்கின கல்லீரல்ல சர்க்கரைச் சேமிப்பு குறைவு. அவங்களுக்கு ஒரு ராத்திரி பட்டினி, நமக்கு 2–3 நாள் பட்டினி மாதிரி. அதனால படுக்கறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழோ, ரெண்டு இட்லியோ கொடுங்க. சர்க்கரை நோயும் இருந்தா அளவை உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.