ஒரு கணத்தின் குற்றம்



குருத்துவப் பணியில் நான் மிகுதியாகக் கேட்ட சொற்களுள் ஒன்று, "ஒரு நொடி முன்னதாகப் பார்த்திருந்தால்..." என்பது. சாலை விபத்துக்குப் பிறகு கேட்டிருக்கிறேன். படியில் தவறி விழுந்த முதிய தாயின் மகளிடமும், கைப்பிடியை விட்டு ஓடிய குழந்தையின் தந்தையிடமும் கேட்டிருக்கிறேன். ஆண்டுகள் பல கடந்த பின்னும் அந்த ஒரு நொடியைச் சிலர் நெஞ்சில் சுமந்து திரிகின்றனர். சில வேளைகளில் உற்றாரும் ஊராரும் அச்சுமையை இன்னும் ஏற்றிவிடுகின்றனர்.

அந்த ஒரு நொடிக்குள் மனிதனால் உண்மையில் என்ன செய்ய முடியும்? இதற்கு விடை தரும் வரலாறு ஒன்று உண்டு. அது உங்கள் பிள்ளைகள் கோடைகாலத்தில் ஆடும் பேஸ்பால் திடலையும், இங்கிலாந்தின் பழைய வானாய்வகம் ஒன்றையும் இணைக்கிறது.

1920 ஆகஸ்ட் 16. நியூயார்க் நகரின் போலோ கிரவுண்ட்ஸ் திடல். யாங்கீஸ் அணியும் கிளீவ்லாந்து அணியும் மோதின. ஐந்தாம் இன்னிங்ஸில் கிளீவ்லாந்தின் ரே சாப்மன் மட்டையுடன் வந்து நின்றார். வயது 29. ஹோம் பிளேட்டின் மேல் சற்றே குனிந்து நிற்பது அவர் வழக்கம். யாங்கீஸ் அணியின் பந்தெறிபவர் கார்ல் மேஸ். கையைத் தரையோடு ஒட்டினாற்போல் தாழ்த்தி, கீழிருந்து மேலாகப் பந்தை வீசுபவர். அவர் வீசிய பந்து சாப்மனின் நெற்றிப்பொட்டில் மோதியது. மோதிய ஓசை மட்டையில் பட்ட ஓசை போலவே இருந்ததால், உருண்டு வந்த பந்தை மேஸ் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார். சாப்மன் விலக முயலவே இல்லை என்றனர் கண்டவர்கள். அன்றிரவு அறுவை மருத்துவம் நடந்தது. மறுநாள் விடியுமுன் அவர் உயிர் பிரிந்தது. அவருடைய மனைவி அப்போது கருவுற்றிருந்தார். கிளீவ்லாந்து புனித யோவான் பேராலயத்தில் நடந்த இறுதித் திருச்சடங்கிற்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்.

உடனே எழுந்தது குற்றச்சாட்டு. மேஸ் வேண்டுமென்றே எறிந்தார் என்றனர் சிலர். அவரோடு இனி ஆடமாட்டோம் என வேறு சில அணிகளின் வீரர்கள் முழங்கினர். நியூயார்க்கின் அரசு வழக்கறிஞர் அலுவலகம் அதை விபத்து எனக் கண்டு மேஸை விடுவித்தது. ஆயினும் மக்கள் விடுவிக்கவில்லை. 207 ஆட்டங்களில் வெற்றி ஈட்டிய அவர், அந்த ஒரு பந்துக்காக மட்டுமே தம்மை உலகம் நினைவுகூர்கிறது என்று முதுமையிலும் மனம் நொந்தார். இன்னொரு கேள்வியும் எழுந்தது: "சாப்மன் ஏன் விலகவில்லை?" இறந்தவர் மீதும் ஒரு கணத்தின் குற்றம் சாட்டப்பட்டது.

இக்கேள்விக்கு விடை தேட, நாம் 124 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1796-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகம். அதன் தலைவர் நெவில் மாஸ்கெலின், அரச வானியலாளர்; ஆங்கிலிகத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவரும் ஆவார். அவருடைய உதவியாளர் டேவிட் கின்னிபுரூக் என்னும் இளைஞர். விண்மீன் ஒன்று தொலைநோக்கியின் உள்ளே கட்டப்பட்ட கம்பியைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பது இருவரின் பணி. கண்ணால் விண்மீனைப் பார்த்தவாறே, காதால் கடிகாரத்தின் நொடியோசையை எண்ண வேண்டும். நொடியின் பத்தில் ஒரு பங்குவரை கணித்து எழுத வேண்டும். 1795 ஆகஸ்ட் முதல் கின்னிபுரூக்கின் கணக்கு மாஸ்கெலினின் கணக்கைவிடப் பிந்தத் தொடங்கியது. முதலில் அரை நொடி. எச்சரித்தும் பயனில்லை. 1796 தொடக்கத்தில் வேறுபாடு 0.8 நொடியாக வளர்ந்தது. இது சிறு பிழையன்று. புவி சுழலும் வேகத்தில் 0.8 நொடி என்பது நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 370 மீட்டர். உதவியாளர் முறைதவறிய வழியில் நோக்குகிறார் எனத் தீர்மானித்த மாஸ்கெலின் அவரைப் பணிநீக்கம் செய்தார். கின்னிபுரூக் 1802-இல் இளவயதிலேயே இறந்தார்.

மாஸ்கெலின் ஒரு நன்மை செய்தார்: நடந்ததை மறைக்காமல் வானாய்வகப் பதிவுகளில் எழுதி அச்சிட்டார். கோனிக்ஸ்பெர்க் நகர வானியலாளர் பெஸ்ஸல் பின்னாளில் அச்செய்தியை அறிந்து வியந்தார். எச்சரிக்கப்பட்ட ஒருவர், வேலை போகும் என்று அறிந்த ஒருவர், ஏன் தம்மைத் திருத்திக்கொள்ளவில்லை? திருத்த இயலாத ஏதோ ஒன்று இருக்க வேண்டுமே! 1820 முதல் அவர் தம்மையும் பிற வானியலாளர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பெயர் பெற்ற வல்லுநர்களிடையேயும் வேறுபாடு இருந்தது. ஒருவரோடு ஒப்பிட்டபோது அது ஒரு நொடியையும் தாண்டியது. யாரும் சோம்பேறியல்லர், யாரும் கவனமற்றவரல்லர். ஒவ்வொருவருக்கும் காண்பதற்கும் கேட்பதற்கும் குறிப்பதற்கும் இடையே தனக்கே உரிய ஒரு கால அளவு இருந்தது. வானியலாளர்கள் இதற்குத் 'தனியாள் சமன்பாடு' எனப் பொருள்படும் பெயரிட்டனர். கின்னிபுரூக்குக்கு நீதி கிடைத்தபோது அவர் கல்லறையில் இருந்தார்.

அதே கோனிக்ஸ்பெர்க் நகரில் 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் அறிஞர் தவளையின் நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளந்தார். நரம்புச் செய்தி கணக்கிட முடியாத விரைவில் பாய்கிறது என்று அன்று பலரும் நம்பினர். அவர் கண்டதோ நொடிக்குச் சுமார் 30 மீட்டர் மட்டுமே. 1868-இல் நெதர்லாந்து நாட்டின் டாண்டர்ஸ் அடுத்த படியை எடுத்தார். ஒரே குறிக்கு ஒரே விடை தருவதைவிட, இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்து விடை தருவதற்குக் கூடுதல் நேரம் ஆகிறது என்று அளந்து காட்டினார். சிந்தனைக்கும் காலம் வேண்டும். அந்தக் காலத்தை அளக்கவும் முடியும்.

தொல்காப்பியர் மாத்திரை என்னும் ஒலியளவைக் கண்ணிமைத்தலாலும் கைந்நொடித்தலாலும் வரையறுத்தார் என்பதை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். கண்ணிமைப் பொழுதைக் காலமே இல்லாத ஒன்றாக நாம் நினைக்கிறோம். அதற்குள் எத்தனை படிகள் அடங்கியுள்ளன என்பதை இந்த அறிஞர்களே நமக்குக் காட்டினர்.

இப்போது பேஸ்பால் திடலுக்குத் திரும்புவோம். பந்தெறிபவரின் மேட்டிலுள்ள பலகைக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். 1893-இல் நிலைபெற்ற அளவு இது. எறிபவர் முன்னே கால்வைத்துக் கையை நீட்டி விடுவதால், பந்து உண்மையில் கடப்பது சுமார் 55 அடி. மணிக்கு 95 மைல் வேகத்தில் விடப்படும் பந்து இத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ 0.4 நொடி ஆகும். ஒளியைக் கண்டதும் ஒரு பொத்தானை அழுத்துங்கள் என்றால், அந்த எளிய செயலுக்கே நம்மில் பெரும்பாலோருக்கு 0.2 நொடி வேண்டும். மட்டையைச் சுழற்றிப் பந்துக்குக் கொண்டுவர இன்னும் 0.15 நொடி வேண்டும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். அடிப்பதா விடுவதா, பந்து வளையுமா நேராக வருமா என்று எண்ணிப் பார்க்க எஞ்சுவது 0.05 நொடி. மட்டை நூறில் ஒரு பங்கு நொடி முந்தினாலோ பிந்தினாலோ பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போய்விடும்.

கிரிக்கெட் அறிந்தவர்கள் "பந்திலிருந்து கண்ணை எடுக்காதே" என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம். பேஸ்பாலிலும் அதையே சொல்கிறார்கள். ஆனால் 1984-இல் பாஹில், லாரிட்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் ஒரு தொழில்முறை வீரரின் கண்ணசைவை அளந்தனர். பந்து பிளேட்டை நெருங்கும்போது, கடைசி ஐந்து அடி அளவில், அவர் கண்ணாலும் அதைப் பின்தொடர இயலவில்லை. மட்டையாளர் தாம் அடிக்கும் பந்தை அடிக்கும் கணத்தில் பெரும்பாலும் காண்பதில்லை. அது எங்கே இருக்கும் என்று முன்னரே கணித்த இடத்தை நோக்கியே மட்டையை வீசுகிறார். பத்தில் மூன்று முறை வெற்றி பெறுபவரைச் சிறந்த மட்டையாளர் எனப் போற்றுவதன் காரணம் இதுவே. 1941-இல் டெட் வில்லியம்ஸ் எட்டிய .406 என்னும் சராசரியை, அதன்பின் அமெரிக்க, தேசிய லீகுகளில் எவரும் எட்டவில்லை.

அப்படியானால் சிலர் மட்டும் எப்படி அடிக்கிறார்கள்? 1921-இல் கொலம்பியா பல்கலைக்கழக உளவியல் ஆய்வகத்தில் பேப் ரூத் என்னும் புகழ்பெற்ற மட்டையாளரைச் சோதித்தனர். மேஸின் அதே யாங்கீஸ் அணி வீரர் அவர். அவருடைய கண் சராசரி மனிதரைவிடச் சுமார் 12 விழுக்காடு விரைவாகச் செயல்பட்டது என்று வெளியிட்டனர். மக்கள் அதைப் பிறவி வரம் எனக் கொண்டாடினர். ஆனால் அந்த வேறுபாட்டின் பயன் ஒரு நொடியின் மிகச் சிறிய பின்னமே. ரூத் ஏழு வயதில் பால்டிமோரின் புனித மரியா தொழிற்பள்ளியில் சேர்க்கப்பட்டவர். பெற்றோரால் அடக்க முடியாத சிறுவன். அங்கே சவேரியன் சபையின் சகோதரர் மத்தியாஸ் அவருக்குப் பந்தை அடித்துக் காட்டி, ஆட்டத்தை ஆண்டுக்கணக்கில் பயிற்றுவித்தார்.

பயிற்சியின் இடம் எது என்பதை 2004-இல் நடந்த ஒரு காட்சி ஆட்டம் தெளிவாக்கியது. சாஃப்ட்பால் வீராங்கனை ஜென்னி ஃபின்ச், பேஸ்பாலின் தலைசிறந்த மட்டையாளர்களுள் ஒருவரான ஆல்பர்ட் புஹோல்ஸை அடிக்கவிடாமல் வெளியேற்றினார். அவர் எறிந்த பந்து பேஸ்பாலைவிடப் பெரியது; வேகமும் குறைவு. எறியும் தொலைவும் குறைவாதலால் கிடைக்கும் நேரம் மட்டும் ஏறத்தாழ அதே அளவு. ஆனால் கீழிருந்து வரும் அந்தக் கையசைவைப் படிக்கப் புஹோல்ஸின் கண் பயிலவில்லை. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் தரும் குறிப்புகளை ஆயிரமாயிரம் முறை கண்டு பழகியவரே, பந்து புறப்படும்போதே அதன் வழியை உணர்கிறார். அந்தப் பழக்கம் துணைவராத இடத்தில் எவருடைய விரைவும் போதாது.

ஆகவே, சாப்மன் ஏன் விலகவில்லை? விலக வேண்டும் என்று அறிவதற்கான காலம் அவருக்குக் கிடைக்காமலே போயிருக்கலாம். அதைவிட முக்கியமான உண்மை ஒன்று உண்டு. அக்காலத்தில் செலவைக் குறைக்க ஒரே பந்தை நெடுநேரம் ஆடுவார்கள். அது மண்ணும் எச்சிலும் புகையிலைச் சாறும் படிந்து கறுத்துப்போகும். தலைக்கவசம் என்னும் எண்ணமும் புதிதன்று: 1907-இலேயே ரோஜர் பிரெஸ்னஹன் என்னும் வீரர் பந்தால் தலையில் அடிபட்ட பின், காற்றடைத்த கவசம் ஒன்றை அணிந்து பார்த்தார். ஆனால் அத்தகைய கவசம் கோழையின் அடையாளம் எனப் பழிக்கப்பட்டது. சாப்மன் இறந்த பின்னரே அழுக்கேறிய பந்துகளை உடனுக்குடன் மாற்றும் வழக்கம் வலுப்பெற்றது. புதிதாக வரும் வீரர் அனைவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற விதியோ 1971-இல்தான் வந்தது. கார்ல் மேஸ் மறைந்ததும் அதே ஆண்டில்.

அன்புக்குரியவர்களே, மக்கள் குற்றத்தை அந்த 0.4 நொடிக்குள் தேடினார்கள்; ஒருவர் எறிந்தார், ஒருவர் விலகவில்லை என்றார்கள். மேஸின் உள்ளத்தில் இருந்ததை இறைவனே அறிவார். ஆனால் திருத்தக்கூடிய தவறுகள் அந்தக் கணத்தில் இல்லை. அவை அதற்கு முந்திய ஆண்டுகளில், சேமித்த காசிலும் ஏளனம் செய்த கவசத்திலும் இருந்தன.

குருமடத்தில் எங்களுக்குப் புனித தோமா அக்குவினாரின் ஒரு வேறுபாட்டைக் கற்பித்தார்கள். அறிவோடும் விருப்பத்தோடும் மனிதன் செய்யும் செயல் வேறு. எண்ணிப் பாராமல் மனிதனிடம் நிகழ்ந்துவிடும் அசைவு வேறு. முழு அறிவும் முழுச் சம்மதமும் இல்லாத இடத்தில் சாவான பாவம் இல்லை என்று திருச்சபை கற்பிக்கிறது. அன்று அதைத் தேர்வுக்காகப் படித்தேன். ஆய்வகத்து அளவுகளைப் படித்த பிறகே, அதில் எவ்வளவு இரக்கம் அடங்கியிருக்கிறது என்று உணர்ந்தேன்.

எனவே, "ஒரு நொடி முன்னதாகப் பார்த்திருந்தால்" என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்பவராக இருந்தால், உங்களுக்குச் சொல்கிறேன்: அந்த நொடி உங்களுக்குத் தரப்படவே இல்லை. தரப்படாத ஒன்றுக்கு இறைவன் கணக்குக் கேட்பதில்லை. மனச்சான்றை ஆய்வு செய்ய விரும்பினால், அந்தக் கணத்தை விட்டு அதற்கு முந்திய நாள்களை ஆய்வு செய்யுங்கள். உறக்கமின்றி வண்டி ஓட்டினோமா? கையில் கைபேசி இருந்ததா? பழுதான படியைச் சீராக்காமல் விட்டோமா? இருந்தால், அதை ஒப்புக்கொள்ளுங்கள், மன்னிப்புப் பெறுங்கள், திருத்துங்கள். இல்லையெனில் சுமையை இறக்கி வையுங்கள்.

பிறரை எடைபோடும் இடத்தில் இருப்பவர்களுக்கு, என்னையும் சேர்த்தே சொல்கிறேன்: மாஸ்கெலின் கொடியவரல்லர். கடமை தவறாதவர், தம் அளவுகோலே சரியானது என்று நம்பியவர். நம்மைவிடச் சற்றுத் தாமதமாகப் புரிந்துகொள்ளும் பிள்ளையை, தடுமாறும் முதியவரை, இந்நாட்டு மொழியில் விடை சொல்லத் தயங்கும் புதியவரை, நாமும் அதே அளவுகோலால்தானே அளக்கிறோம்? அடுத்த முறை ஒருவரைக் குறித்து "கவனமில்லை" என்று சொல்ல நா எழும்போது கின்னிபுரூக்கை நினையுங்கள். அவருக்கு 0.8 நொடி பொறுமை தேவைப்பட்டது. அதைக் கொடுக்க அங்கே எவரும் இல்லை.

உங்கள் பிள்ளைகள் திடலுக்குப் போகும்போது தலைக்கவசத்தின் வாரை இறுகக் கட்டிவிடுங்கள். அடிக்கத் தவறித் தலைகுனிந்து திரும்பும்போது கடிந்துகொள்ளாதீர்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குத்தந்தை